மழைக்குழாயில் சோப்பு நுரை

மடவை மீனில் துணி சோப்பு வாடை வருகிறது என்று முதலில் சொன்னது நான்தான். சொன்னதோடு நிற்கவில்லை, எழுதினேன். முப்பது ஆண்டுகள் செய்தித்தாளில் வேலை பார்த்த கை சும்மா இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: "இன்று காலை நம் கேட் வாசலில் வாங்கிய மடவையில் சோப்பு வாடை. குழம்பைக் கொட்ட வேண்டியதாயிற்று. வேறு யாருக்காவது இப்படி ஆனதா?"

எப்போது, எங்கே, என்ன என்பதெல்லாம் அதில் இருந்தது. ஏன் என்பது மட்டும் இல்லை. செய்தி மேசையில் இருந்தபோது ஒரு நிருபர் இப்படி ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தால், போய் விசாரித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பியிருப்பேன். என்னைத் திருப்பி அனுப்ப வீட்டில் யாரும் இல்லை.

எங்கள் கட்டடம் அடையாறில் இருக்கிறது. பன்னிரண்டு வீடுகள். கடலுக்கும் ஆற்றின் முகத்துவாரத்துக்கும் நடந்தே போய்விடலாம். கேட்டை ஒட்டி ஒரு புங்கமரம். ஞாயிறு தோறும் காலை ஏழு மணிக்கு ஊரூர் குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா வந்து அந்த நிழலில் உட்காருவார். என் வயதுதான் இருக்கும். அவர் கணவர் முகத்துவாரத்தில் வீச்சுவலை போடுபவர். படகு கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலையை வீசி, என்ன வருகிறதோ அது. மடவை, கெளுத்தி, கொஞ்சம் இறால், சில நாள் நண்டு. அதைத்தான் இவர் கொண்டுவருவார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பிளாஸ்டிக் கவரில் மீன் தரமாட்டார். பாத்திரம் கொண்டுவந்தால்தான் மீன். மறந்து வந்தவர்களைத் திரும்ப மாடிக்கு அனுப்புவார். கவர் கேட்டால், "நீ தூக்கிப் போடுவ, அது என் வூட்டுக்காரன் வலையிலதான் வந்து வுயும்" என்பார். செதில், குடல் எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டு மூடி எடுத்துப் போய்விடுவார். அவர் எழுந்து போன பிறகு அந்த இடத்தில் ஒரு செதிலைக்கூட நான் பார்த்ததில்லை. எங்கள் கட்டடத்துக்காரர்கள் கார் கழுவிவிட்டுப் போன இடத்தில் அரை நாள் நுரை கிடக்கும். அதைப் பற்றிக் குழுவில் யாரும் எழுதியதில்லை. நானும்தான்.

என் இரண்டு வரிக்கு மாலைக்குள் பதில்கள் குவிந்துவிட்டன. ஒருவர் போன வாரமே ஃபினாயில் வாடை வந்தது என்றார். மீனில் ஏதோ மருந்து தெளிக்கிறார்களாம் என்று இன்னொருவர் யாரோ அனுப்பிய காணொளியைப் போட்டார். மீன் வாங்கியே இராத ஒருவர் வாசலில் ஈ மொய்க்கிறது என்றார். எல்லோரும் சொல்லி முடித்ததும் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வந்தார். வங்கியில் உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒழுங்கானவர், எதையும் எழுத்தில் வைப்பவர். அடுத்த வாரம் முதல் கேட் அருகே மீன் விற்பனைக்கு அனுமதி இல்லை, காவலாளி இதைக் கண்டிப்பாகச் செயல்படுத்த வேண்டும் என்று அறிவித்தார். காரணம் என்ற இடத்தில் என் வாக்கியத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார். என் வாக்கியத்தை இவ்வளவு விரைவாக யாரும் செயல்படுத்தியதே இல்லை. ஆற்றைப் பற்றி நான் எழுதிய எந்தச் செய்திக்கும் எந்த அலுவலகத்திலும் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

அடுத்த ஞாயிறு மீன்காரம்மா வந்தபோது காவலாளி திருப்பி அனுப்பிவிட்டார். நான் மாடியிலிருந்து பார்த்தேன். இறங்கிப் போகவில்லை.

நாலு நாள் கழித்து மீன் வாங்கக் குப்பத்துக்குப் போனேன். கடற்கரைச் சாலையோரம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து விற்கும் இடம். அந்த வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கணக்காக ஓர் இடம் உண்டு. குடைக்குக் கீழே, பலகை போட்டு, அம்மாவுக்குப் பிறகு மகள் என்று கைமாறி வருகிற இடம். மீன்காரம்மா எங்கள் தெருவையே நம்பியிருந்ததால் அவருக்கு அங்கே இடம் கிடையாது. வரிசை முடிந்து, குப்பைத்தொட்டிக்கும் அப்பால், வெயிலில் உட்கார்ந்திருந்தார். வாங்குகிறவர்கள் அவ்வளவு தூரம் நடந்து வருவதில்லை.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். காவலாளி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"யக்கா, கொயம்ப கொட்டிட்டியாமே."

சோப்பு வாடை வந்தது, அதனால்தான் என்றேன்.

"வந்துச்சி. நான் இல்லன்னு சொன்னனா? எங்க வூட்லயும்தான் வருது. ஆனா மீனு இன்னா, சோப்பு போட்டா குளிக்குது?"

பக்கத்தில் இருந்த பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அடையாறு மீனாச்சே. தோச்சி, மடிச்சி, இஸ்திரி போட்டுத் தர சொல்லு." வரிசை முழுக்கச் சிரிப்பு. மீன்காரம்மா சிரிக்கவில்லை.

"நாளிக்கு காலைல வத்தம். தண்ணி எறங்கி நிக்கும். வந்து உன் கண்ணால பாரு. பேப்பர்ல எழுதிக்கினு இருந்தவதான நீ. பாக்காம எழுதலாமா?"

மறுநாள் போனேன்.

காலை ஆறரை மணிக்கு முகத்துவாரத்தில் தண்ணீர் இறங்கிச் சேறு மேலே தெரிந்தது. உடைந்த பாலத்தின் பக்கம் அவர் கணவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். வலையை இடது தோளில் மடித்துப் போட்டு, விளிம்பில் ஒரு பகுதியைப் பல்லால் கடித்துக்கொண்டு, உடம்பைத் திருப்பி வீசினார். வட்டமாக விழுந்தது. இழுத்தபோது இரண்டு ஷாம்பூ பாக்கெட், ஒரு குழந்தை டயப்பர், முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவர் ஒன்று வந்தன. கவருக்குள் வாடிய சாமந்தி மாலையும் வெற்றிலையும். பூஜைப் பூவில் கால் படக்கூடாது என்பதற்காகக் கவரில் கட்டிச் சாலைப் பாலத்திலிருந்து போடுகிறார்கள். ஆற்றில் நிற்கிறவரின் காலில் படுவது கணக்கில் சேராது போலிருக்கிறது. நாலாவது வீச்சில் ஏழெட்டு மடவைகள் வந்தன. உள்ளங்கை நீளம்.

மீன்காரம்மா என்னைக் கரையோரமாக நடத்திப் போனார். ஒரு கான்கிரீட் வாய். தெருக்களின் மழைநீர் வடிகால் ஆற்றில் வந்து சேரும் இடம். மழை பெய்து பல வாரங்கள் ஆகியிருந்தன. வடிகாலில் ஓடை போலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது விழும் இடத்தில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை. காற்று அடிக்கும்போது அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து சேற்றின் மேல் உருண்டது. பவளக்கால் உள்ளான்கள் இரண்டு அந்தச் சேற்றில் இரை தேடிக்கொண்டிருந்தன. நீளமான சிவப்புக் கால் கொண்ட பறவை. அவற்றில் ஒன்று ஒவ்வோர் அடிக்கும் காலைத் தூக்கி நுரையை உதறியது. ஓர் அடி, ஓர் உதறல். ஓர் அடி, ஓர் உதறல். ஐந்து நிமிடம் பார்த்திருப்பேன். அந்த நேரத்தில் அது ஒரு முறைகூட எதையும் கொத்தவில்லை.

"மடவ சேத்ததான துண்ணும். சேத்துல இன்னா கீதோ அதான் மீன்லயும் கீது," என்றார் அவர். குனிந்து நுரையைக் கையால் அள்ளி என் மூக்குக்கு நேராக நீட்டினார். "மோந்து பாரு. இது இன்னா வாசன, சொல்லு."

சாக்கடை நாற்றம் இருந்தது. அதன் மேல் வேறொன்றும் இருந்தது, தெளிவாக. லாவண்டர். என் தலையணை உறையின் வாசனை. துணியை அலசும் கடைசித் தண்ணீரில், மென்மைக்கும் வாசனைக்கும் என்று நான் ஊற்றும் கண்டிஷனரின் வாசனை.

அதை அவரிடம் சொல்லவில்லை. சோப்பு மாதிரிதான் இருக்கிறது என்றேன். அவர் கையை ஆற்றில் கழுவப் போய், நின்று, புடவையில் துடைத்துக்கொண்டார்.

இங்கே நான் பார்த்த வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் கோடையில் எங்கள் பத்திரிகையில் ஒரு சிறப்புப் பக்கம் வரும். வீட்டிலிருந்தே ஆற்றைக் காப்பது எப்படி என்று கட்டம் கட்டிப் பத்துக் குறிப்புகள். பல ஆண்டுகள் அதை எழுதியது நான். குழாயை மூடிவிட்டுப் பல் துலக்குங்கள். அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். துணிப்பை எடுத்துச் செல்லுங்கள். எதுவும் தவறில்லை. எதுவும் யாரையும் உறுத்தாது. அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் சலவைத்தூள் விளம்பரம் வரும். நுரைக்குள்ளிருந்து ஒரு குழந்தை சிரிக்கும். குறிப்புகளில் ஏதாவது ஒன்று விளம்பரத்துக்கு இடைஞ்சலாக இருந்தால் விளம்பரப் பிரிவிலிருந்து போன் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் போன் வராதபடி எழுதினேன். ஒரு தடவைகூட வரவில்லை. உங்கள் வாஷிங் மெஷின் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள் என்ற குறிப்பை நான் எழுதியதே இல்லை. என் வீட்டிலேயே பார்த்ததில்லை.

அன்று வீடு திரும்பியதும் பார்த்தேன். என் மெஷின் சமையலறைக்குப் பின்னால் உள்ள பால்கனியில் இருக்கிறது. பன்னிரண்டு வீட்டிலும் அங்கேதான், வேறு இடம் கிடையாது. அதன் சாம்பல் நிறக் குழாயைத் தரையில் உள்ள ஓட்டைக்குள் சொருகியிருக்கிறோம். ஓட்டை இருந்தது, சொருகினோம். அந்த ஓட்டை எதற்காக வைக்கப்பட்டது என்று யார் கேட்டார்கள்?

சந்தேகத்தை வைத்துக்கொண்டு எழுதக் கூடாது என்பது நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். கேசரிக்குப் போடும் கலர்ப் பவுடர் அலமாரியில் இருந்தது. ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து அந்த ஓட்டையில் ஊற்றினேன். மேலே இன்னும் இரண்டு வாளி வெறும் தண்ணீர். பிறகு கீழே இறங்கி ஓடினேன். கேட்டுக்கு வெளியே, புங்கமரத்தடியில் தெரு வடிகாலின் மூடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு உடைசல் உண்டு. குனிந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வந்தது. நல்ல ஆரஞ்சு நிறம், கல்யாண வீட்டுக் கேசரி போல.

காவலாளி வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, ரத்தமா?"

"கேசரி," என்றேன்.

அவர் என்னையும் வடிகாலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

அந்த உடைசலுக்கு ஓரடி தள்ளித்தான் மீன்காரம்மா உட்காருவார். எங்கள் அழுக்குத் தண்ணீர் அவர் பலகைக்கு அடியில் ஓடி, ஆற்றுக்குப் போய், மீனுக்குள் புகுந்து, அவர் தலையில் ஏறி, அதே இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, வாடை அடிக்கிறது என்று அவரை விரட்டினோம்.

எங்கள் கட்டடத்துக்கு வழக்கமாக வரும் பிளம்பரை அழைத்தேன். கே.கே. நகர்க்காரர், இருபது வருடமாக இந்தத் தெருக்களின் குழாய்களை எல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவர். பால்கனியைப் பார்த்ததும் சொன்னார்: "இது மழத் தண்ணி லைன் மேடம். மெஷின் தண்ணி இதுல வுடவே கூடாது. எல்லா வூட்லயும் இப்டித்தான் வுட்டுக்கினு கீறாங்க."

மழைத் தண்ணீர் என்றால் கீழே உள்ள மழைநீர் சேகரிப்புக் குழிக்கல்லவா போக வேண்டும், வடிகாலுக்கு எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"முன்னாடி குழிக்குத்தான் போச்சி. போர் தண்ணில நுரை வருதுன்னு நீங்கதான மாத்தச் சொன்னீங்க."

"நாங்களா?"

"உங்க அசோசியேஷன்தான். நான்தான வந்து மாத்துனேன். ஒரே நாள் வேல."

செயலாளர் எல்லாவற்றையும் எழுத்தில் வைப்பவர் என்று முன்பே சொன்னேன். கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தைக் கேட்டதும் தயங்காமல் கொடுத்தார். சில ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கூட்டம். இப்படி எழுதியிருந்தது: ஆழ்துளைக் கிணற்று நீரில் நுரையும் சோப்பு வாடையும் வருவதால், மழைநீர்க் குழாய்களைச் சேகரிப்புக் குழியிலிருந்து துண்டித்துச் சாலை வடிகாலில் இணைப்பது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

கீழே கையெழுத்துகள். ஒன்பதாவது என்னுடையது. சந்தேகமே இல்லை, அந்த அவசரக் கையெழுத்தை எந்த நீதிமன்றமும் ஏற்றுக்கொள்ளும். படிக்காமல்தான் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். படித்துவிட்டுப் போட்டிருந்தால் அதைவிட மோசம்.

சோப்பு வாடை. அதே சொல். நான் குழுவில் எழுதிய அதே சொல். எங்கள் தண்ணீரில் அது வந்தபோது நாங்கள் சோப்பை நிறுத்தவில்லை. மெஷினின் குழாயைச் சரியான இடத்துக்கு மாற்றவும் இல்லை. நுரையைப் பார்த்து, அது எங்கிருந்து வருகிறது என்று புரிந்து, அதைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்ப ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். தெரியாமல் செய்த தவறு என்று சொல்லிக்கொள்ளக்கூட எங்களுக்கு வழியில்லை. நல்ல கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதில் பாதி செயலாளர் மீதும் பக்கத்து வீடுகள் மீதும், மறு பாதி என் ஒன்பதாவது கையெழுத்தின் மீதும் இருந்தது.

ஞாயிறு மாலை கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம் போடச் சொன்னேன். எட்டு வீட்டிலிருந்து வந்தார்கள். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். கேசரிப் பவுடர், பிளம்பர், புத்தகம். இரண்டு கோரிக்கை வைத்தேன். ஒன்று, ஒவ்வொரு வீட்டு மெஷின் குழாயையும் குளியலறைக் கழிவுநீர்க் குழாய்க்கு மாற்ற வேண்டும், ஒரு வீட்டுக்கு ஒரு காலைப் பொழுது வேலை. இரண்டு, மீன்காரம்மா மீதுள்ள தடையை எடுக்க வேண்டும்.

முதலில் பேசியவர், தெருவில் எல்லாக் கட்டடமும் இப்படித்தான் என்றார். அடுத்தவர் அது மாநகராட்சியின் வேலை என்றார். மூன்றாவது மாடிக்காரர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "நம்ம ஒரு பில்டிங் நிறுத்திட்டா அடையாறு கண்ணாடி மாதிரி ஆயிடுமா மேடம்?" என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஆகாது என்றேன். ஆனால் நம் ஒரு கட்டடம் புகார் எழுதியதில் ஒரு பெண்ணுக்கு உட்கார இடம் போய்விட்டது, அது மட்டும் எப்படி உடனே நடந்தது என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

செயலாளர் பொறுமையாகச் சொன்னார்: "மேடம், நீங்க இன்னும் ரிப்போர்ட்டர் மாதிரியே பேசறீங்க. இங்க எல்லாரும் குடும்பஸ்தங்க."

குப்பத்தில் இருப்பவர்களும் குடும்பஸ்தர்கள்தான் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. கூட்டங்களில் குரல் உயர்த்துகிறவர்களைப் பற்றி நான் எவ்வளவு ஏளனமாக எழுதியிருக்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. முதல் மாடியில் தனியாக இருக்கும் மாமி. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். அவர் வீட்டு வாசலை மீன் தாண்டியதில்லை. வாசலில் மீன் விற்பதைப் பற்றிப் பல ஆண்டுகளாக முகம் சுளித்துக்கொண்டிருந்தவர்.

"எங்காத்துல மீன் வாங்கறதில்லை, அதனால எனக்கென்னன்னுதான் கேட்டுண்டிருந்தேன். ஆனா நம்ம போர்ல வந்தா ஆகாது, அவா மீன் பிடிக்கற ஆத்துல போனா பரவாயில்லைன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே. எனக்கு வெக்கமா இருக்கு. நாளைக்கே பிளம்பரை வரச் சொல்லுங்கோ."

கூட்டத்தில் வெட்கம் என்ற சொல்லைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். என் உரையில்கூட அது இல்லை.

முடிவு இதுதான்: குழாய் மாற்றுவது அவரவர் விருப்பம். கட்டாயம் இல்லை. மீன்காரம்மா வரலாம், ஆனால் கடல் மீன் மட்டுமே விற்க வேண்டும், ஆற்று மீன் கூடாது. சுகாதாரத்தை முன்னிட்டு. செயலாளர் அதையும் புத்தகத்தில் எழுதினார். கையெழுத்துப் போட என்னிடம் நீட்டினார். இந்த முறை முழுக்கப் படித்தேன். போடவில்லை.

என் வீட்டுக் குழாயும் மாமி வீட்டுக் குழாயும் அந்த வாரமே மாறின. பிறகு இன்னும் ஒரு வீடு. மொத்தம் மூன்று. கழிவுநீர்க் குழாயில் போவதெல்லாம் முழுதாகச் சுத்தமாகித்தான் ஆற்றுக்குப் போகிறது என்று நான் உறுதி தரமாட்டேன். அந்தச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். ஆனால் நேரே ஆற்றில் விடுவதற்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு. கண்டிஷனரை நிறுத்திவிட்டேன். சலவைத்தூளைப் பாதியாகக் குறைத்தேன், துணி அதே அளவுதான் வெளுக்கிறது. இத்தனை நாள் மீதிப் பாதியை ஆற்றுக்குத்தான் போட்டிருக்கிறேன். வடை சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றுவதில்லை. ஆறவிட்டுப் பழைய செய்தித்தாளில் உறிஞ்ச வைத்துக் குப்பையில் போடுகிறேன். செய்தித்தாளுக்கு இப்படி ஒரு பயன் இருப்பதை நான் குறிப்புகளில் எழுதியிருக்கலாம். கழிவறைக்கு ஆசிட் வாங்குவதில்லை, தேய்க்க ஒரு பிரஷும் கொஞ்சம் முதுகுவலியும் போதும். இதில் எதுவும் பெரிய காரியம் இல்லை. இத்தனை ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான் பெரியது.

சங்கத்தின் முடிவை மீன்காரம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கடல் மீன் மட்டும் என்ற நிபந்தனையையும் சொன்னேன். யாருடைய கழிவு, எந்தக் குழாய், யாருடைய கையெழுத்து, அன்று நுரையில் வீசியது லாவண்டர் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியவில்லை.

அவர் ஒரு மடவையின் வயிற்றைக் கீறியபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் குடலை வாளியில் போட்டார்.

"கடல் மீனு புடிக்க எங்கிட்ட போட்டு ஏது? அடுத்தவன் மீன வாங்கியாந்து விக்கணும். அப்ப என் வூட்டுக்காரன் வலைய இன்னா பண்றது? உங்க மாடிக்கு எட்த்துகினு வந்து வீசட்டா? அங்கதான் சுத்தமான தண்ணி கீதுன்ற."

மன்னிப்புக் கேட்டேன். அதை வைத்து அவர் என்ன செய்வார்? மீனைக் கழுவிப் பலகையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்த லாவண்டரு உன்துதானா? அன்னிக்கு மோந்துட்டு மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சே, அப்பவே நெனச்சேன்."

மறு ஞாயிறு அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். எங்கள் கேட்டுக்கு வரவில்லை. எதிர்ப்பக்கம், மூடிக் கிடக்கும் ஒரு ஜெராக்ஸ் கடையின் ஷட்டருக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். அது எங்கள் சங்கத்தின் எல்லை இல்லை. நிழலும் இல்லை. ஒரு பழைய குடையை ஷட்டரின் பூட்டில் கட்டியிருந்தார். அலுமினியப் பேசினில் ஆற்று மீன்தான், மடவை. செயலாளர் கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்தார். எழுத ஒன்றும் கிடைக்காமல் உள்ளே போனார். அன்று நாலைந்து பேர்தான் சாலையைக் கடந்து வாங்கினார்கள். முன்பு வாங்கியவர்களில் பாதிகூட இல்லை.

இப்போதும் அங்கேதான் உட்காருகிறார். ஞாயிறு தோறும் பாத்திரத்தோடு நான் போகும்போது அவர் ஒரு வேலை வைத்திருக்கிறார். எடை போடுவதற்கு முன்னால் ஒரு மீனை எடுத்து, செவுளைப் பிரித்து என் மூக்கருகில் நீட்டுவார். எல்லோருக்கும் முன்னால்தான். அதை மறுக்க எனக்கு உரிமை இல்லை. அவருக்கு மீனை முகர்ந்து எந்த வீடு என்று சொல்லத் தெரியாது, எனக்குத் தெரியும். பன்னிரண்டு வீட்டுப் பால்கனிகளும் ஒன்றன் மேல் ஒன்றாக இருப்பதால், எந்த வீட்டில் என்ன ஊற்றுகிறார்கள் என்பது காயும் துணியிலிருந்தே தெரிந்துவிடும். ஊர் முழுக்க இதே புட்டிகள்தான் விற்கின்றன, ஒரு மீனை வைத்து ஒரு வீட்டைக் குற்றம் சொல்வது சரியான சாட்சியம் ஆகாது. அதை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்கிற மாதிரி இல்லை.

போன ஞாயிறும் நீட்டினார். மூன்றாவது மாடிக்காரர் எனக்குப் பின்னால் பாத்திரத்தோடு நின்றிருந்தார். கூட்டத்தில் கண்ணாடி மாதிரி ஆயிடுமா என்று கேட்டவர். அவர் வீட்டுக் குழாய் இன்னும் மழைக்குழாயில்தான் இருக்கிறது. அவர் பால்கனியில் காயும் துணியின் வாசனையும் எனக்குத் தெரியும்.

"மோந்து பாரு யக்கா. கீதா?"

முகர்ந்தேன். இருந்தது.

"லாவண்டரா?"

"இல்லை," என்றேன். "ரோஜா."

அவர் மீனைக் கீழே வைக்கவில்லை. என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அதை எனக்குப் பின்னால் நிற்பவரின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார்.

"நீ பாரு சார்," என்றார்.